நடந்துகொண்டே இருந்த நாள்

"தாரிக் மாத்தி?" என்று கேட்டார் ஆ செங்.

இறந்த தேதி என்ன என்று கேட்கிறார். கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர். காதில் பென்சில், முழங்கை வரை வெள்ளைத் தூசி. கேள்வியில் கொடுமை ஒன்றும் இல்லை. தே ஓ வேண்டுமா, தே தாரேக் வேண்டுமா என்று தேநீர்க் கடையில் கேட்கிற குரல்தான்.

பிலோமினா அக்கா மடியிலிருந்த கைப்பையைத் திறந்தார், மூடினார். கிளிக். மறுபடி திறந்தார், மூடினார். கிளிக். பின்கட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு ரம்பம் கருங்கல்லை அறுத்துக்கொண்டிருந்தது. ஈரக் கல்லுக்கு ஒரு வாசனை உண்டு. முதல் மழைத்துளி பட்ட தார்ச்சாலையின் வாசனைக்குக் கிட்டத்தட்ட உறவு.

"அக்கா, தேதி கேக்குறாரு" என்றேன்.

"காது கேக்குது தம்பி."

"சொல்லணும்ல?"

"யாரு செத்தா, தேதி சொல்றதுக்கு?"

எழுத எடுத்த பென்சிலை ஆ செங் மறுபடி காதில் செருகிக்கொண்டார். "தக் அப்பா, ஆண்ட்டி. பெலான் பெலான் லா" என்றார். பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று பொருள். நாங்கள் ஐம்பது வருஷத்துக்கு மேலாக மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

இது சென்ற ஆண்டு, கல்லறைத் திருநாளுக்குச் சில வாரங்கள் முன்பு, பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கல்வெட்டுக் கடையில்.

தேதிக்காரன்

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் தேதிக்காரன். எந்தக் கட்டடம் எந்த மாதம் இடிந்தது, எந்தப் பேருந்து எந்த வருஷம் நின்றது என்று கிழமையோடு எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும். என் கிழமைகளைச் சரிபார்ப்பதற்கென்றே சிம்பாங் அம்பாட்டில் ஒரு வாசகர் இருக்கிறார். பழைய படகுத்துறையைப் பற்றி நான் வெள்ளிக்கிழமை என்று எழுதியது வியாழக்கிழமை என்று போன மாதம் நிரூபித்துவிட்டார். அவருக்கு என் வணக்கம்.

என் மனைவி ரெஜினாவின் புகார் வேறு. கல்யாண நாளை நான் மறந்ததே இல்லை. ஆனால் அதே நாளில் உலகத்தில் வேறு எங்கே என்னென்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேனாம். "நமக்குக் கல்யாணம் ஆச்சா, இல்ல நியூஸ் வாசிச்சாங்களா?" என்பாள்.

அதனால்தான் பிலோமினா அக்கா என்னைக் கூட்டிப்போனார். கோயில் பாடற்குழுவில் பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடியவர்கள் நாங்கள். "நீதான் தேதி ஆளு. கூட வா" என்று போனில் சொன்னார்.

அவருடைய மாமனார், மாமியார் கல்லறையை அங்சானா மரத்தின் வேர் தூக்கிவிட்டது. கல் குறுக்கே பிளந்துவிட்டது. புதுக் கல் போட வேண்டும். அதோடு, சென்ற ஆண்டு நடுவில் அக்காவின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் என்னிடம் சொன்னார்.

"புதுக் கல்லுல அவரு பேரையும் போட்டுடலாம்னு பாக்குறேன் தம்பி. புள்ளை இல்ல, குட்டி இல்ல. எனக்கப்புறம் அவரு பேரைச் சொல்ல யாரு இருக்கா?"

அவர் என்றால் செபஸ்தியான் அண்ணன். அக்காவின் கணவர். படைவீரர். எழுபதுகளின் தொடக்கத்தில், வடக்கே தாய்லாந்து எல்லைக் காடுகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடி அரசுப் படைகள் நடந்த காலத்தில், ஒரு காலை நேரம் காணாமல் போனவர். உடல் கிடைக்கவில்லை. தொப்பி கிடைக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலின் மூடிகூடக் கிடைக்கவில்லை. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை.

பெயரைக் கல்லில் போட வேண்டும். போடாவிட்டால் அது அக்காவோடு போய்விடும். போட வேண்டுமானால் அவர் செத்துவிட்டார் என்று அக்கா தன் வாயால் சொல்ல வேண்டும். கைப்பை ஏன் கிளிக் கிளிக் என்றது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆற்று வளைவு

அன்று காலை நடந்ததைப் பார்த்தவர் ஒருவர்தான். அபாங் டின். அபாங் என்றால் மலாயில் அண்ணன். செபஸ்தியான் அண்ணனோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர். தாசேக் கெலுகோரில் ரப்பர் தோட்டத்து ஓரம் பிறந்து வளர்ந்த மலாய்க்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். தோட்டத்துப் பையன்களோடு பந்து விளையாடிக் கற்ற தமிழ் என்பதால் வசவுகள் இன்னும் நன்றாக வரும். அவர் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அன்னிக்கு மொதல் நோன்பு. காட்டுல நடக்குறவனுக்கு நோன்பு வேணாம், அப்புறம் கட்டிக்கலாம்னு சார்ஜன் சொன்னாரு. நான் கேக்கல. எங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். நல்ல வெயில். ஆத்தோரம் உக்காந்தோம். செபா போத்தலைத் தொறந்தான். என்னைப் பாத்தான். மூடிட்டான்."

"ஏன்?"

"'நீ இரு, நான் அந்த வளைவுக்கு அப்பால போயி குடிச்சிட்டு, போத்தலையும் ரொப்பிக்கிட்டு வரேன்'னான். 'டேய் மடையா, இங்கயே குடிடா, எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னேன். 'உனக்கு ஒண்ணும் இல்லடா. உன் முன்னால எனக்குத் தொண்டையில எறங்காது'ன்னு சிரிச்சிட்டுப் போனான்."

அவ்வளவுதான். துப்பாக்கிச் சத்தம் இல்லை. கூச்சல் இல்லை. மேலே மலையில் மழை பெய்திருக்க வேண்டும். ஆறு சற்று நேரத்தில் கலங்கி ஏறிவிட்டது. பிற்பகல் அவர்கள் இருந்த இடத்திலும் மழை கொட்டி, காலடித் தடங்களையும் கரைத்துவிட்டது. பல நாள் தேடினார்கள்.

அடுத்த வருஷம் முதல் நோன்பன்று மாலை அபாங் டின் பினாங்குக்கு வந்து அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நான் நோன்பு கட்டலேன்னா அவன் இங்க இருப்பான்" என்றாராம். தலையைக் குனிந்துகொண்டு, அடி வாங்க வந்தவர் மாதிரி.

அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தண்ணி குடிச்சிட்டாரா?"

அபாங் டின்னுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்?

"குடிச்சிருப்பாரு" என்றார் அக்கா. அதற்குள் பக்கத்துச் சூராவில், சின்னத் தொழுகைக்கூடத்தில், பாங்கு சொன்னார்கள். அக்கா உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "நோன்பு தொறங்க, அபாங்."

அவர் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டியபடி குடித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் முதல் நோன்பு திறக்க அவர் வருவது அக்கா வீட்டுக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் தண்ணீரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பித்தான் குடிப்பார். ஏன் என்று அக்கா கேட்டதில்லை.

அந்தோனியார் லேட்

எங்கள் சனங்களுக்குத் தெரியும், காணாமற் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். அக்கா செவ்வாய்க்கிழமை தவறாமல் அவர் சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். ஆனால் கல்லறைத் திருநாளன்று, சொந்தக்காரருக்குக் கல்லறை இல்லாதவர்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் மெழுகுவர்த்தி வைக்கிறபோது, அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

"வீட்டுச் சாவி காணோம்னா ஒரு மணி நேரத்துல குடுத்துடுறாரு. ஆளைக் கேட்டா மட்டும் லேட்டு" என்பார். "அவருகிட்டயும் ஆபீஸ்ல ஃபைல் மாட்டிக்கிச்சு போல."

ஒரு நவம்பர் மாதம் நடந்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இறந்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிக்கிற மாதம். நல்லெண்ணம் கொண்ட யாரோ ஒருவர் செபஸ்தியான் அண்ணன் பெயரையும் கொடுத்துவிட்டார். உபதேசியார் வாசித்துக்கொண்டே வந்தவர், அவர் பெயரைச் சொல்லி, "ஆத்தும இளைப்பாற்றிக்காக" என்றார்.

பாடற்குழுவின் முதல் வரிசையில் என் பக்கத்தில் நின்ற அக்கா பாட்டுப் புத்தகத்தைச் சட்டென்று மூடினார். "அவரை அங்க படிக்காதீங்க" என்றார். கோயில் முழுக்கக் கேட்டது. "அவரு இன்னும் வரல. அவ்வளவுதான்."

உபதேசியாருக்கு வேர்த்துவிட்டது. யாரோ ஒரு குழந்தை சிரித்தது. அப்போது எங்களுக்கு வயதான ஒரு சாமியார் இருந்தார். அவர் பீடத்திலிருந்தே, "சரிம்மா. வேற எடத்துல படிப்போம்" என்றார். மன்றாட்டு வந்தபோது, பயணத்தில் இருப்பவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் இடத்தில் அந்தப் பெயரைச் சேர்த்து அவரே வாசித்தார்.

அன்றிலிருந்து இன்று வரை சாமியார்கள் மாறியிருக்கிறார்கள், உபதேசியார்கள் மாறியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்குப் பழையவர் சொல்லிவிட்டுப் போவார்: செபஸ்தியான் பயணிகளோடு.

நிற்காத தேதி

இன்னொன்று. அக்கா அந்த நாளை ஆங்கில மாதத்தில் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. முதல் நோன்பு என்றுதான் சொல்வார். நோன்பு மாதம் பிறை பார்த்து வருவது. வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். ஆக, ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் நினைவு நாள் முஸ்லிம் மாதத்தின் மேல் ஏறிக்கொண்டு வருஷம் முழுவதையும் சுற்றி வந்தது. அடைமழையில் வந்தது. டுரியான் பழக் காலத்தில் வந்தது. ஒரு தடவை கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது.

"நல்லதுதானே தம்பி" என்றார் ஒரு முறை. "அந்த நாளும் ஒரு எடத்துல நிக்காம நடக்குது. அவரும் எங்கயோ நடந்துகிட்டிருப்பாரு."

சில வருஷம் கழித்துப் படை அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்று எழுதியிருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். "கருதுறவங்க கருதட்டும்" என்றார். மறுநாள் வழக்கம்போல் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனார். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளைப் பார்த்துப் பிழை பிடிக்கிற வேலை.

ஆனால் நான் தேதிக்காரன் ஆயிற்றே. கல் கடைக்குப் போவதற்கு முந்தின வாரம் நூலகத்தில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாள்களின் சுருள்களை ஓட்டி, அந்த வருஷம் பிறை எப்போது தெரிந்தது என்று தேடினேன். கிடைத்தது. ஆங்கிலத் தேதி, மாதம், கிழமை, எல்லாம். ஆ செங் கேட்டபோது அது என் நாக்கு நுனியில் இருந்தது. அக்கா தலையசைத்தால் போதும்.

மாதிரிக் கல்

அக்கா தலையசைக்கவில்லை. எழுந்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மாதிரிக் கற்களைப் பார்க்கப் போனார். ஆ செங்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எழுத்தை வடிவமாகப் பார்த்து வெட்டுகிறவர். தமிழ்க் குடும்பங்களுக்குக் காட்ட இரண்டு மாதிரிகள் வைத்திருந்தார். ஒன்றில் பிறப்பு, இறப்பு. மற்றதில் தோற்றம், மறைவு.

"பிலே சத்து, ஆண்ட்டி" என்றார். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஃபேக்டரியில் குனிந்து பழகிய அதே குனிவு. விரலால் எழுத்துக் குழிகளில் இருந்த தூசியைத் துடைத்தார். இரண்டாவது கல்லின் முன்னால் நின்றுவிட்டார்.

"தம்பி, மறைவுன்னா என்ன?"

"இறந்ததை மரியாதையா சொல்றது, அக்கா."

"அது எனக்குத் தெரியாதா? வார்த்தைக்கு என்னா அர்த்தம்னு கேட்டேன்."

"மறைஞ்சு போறது. கண்ணுக்குத் தெரியாமப் போறது."

"அதானே நடந்துச்சு?"

அக்கா அந்தச் சொல்லின் மேல் விரலை ஓட்டினார்.

"கண்ணாமூச்சி வெளையாடுறவன்கூட மறைஞ்சுதான் இருக்கான். அவன் செத்துட்டான்னு யாரு சொல்லுவா? இதுல பொய் இல்லியே தம்பி?"

"பொய் இல்லக்கா."

மரண அறிவிப்புகளில் அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் முறை வாசித்திருப்பேன். அது வெறும் மரியாதைக்குப் போட்ட திரை என்றே நினைத்திருந்தேன். அந்தச் சொல் அதன் நேர்ப்பொருளிலேயே பொருந்துகிற ஒருவரின் பெயர் எங்கள் கோயிலில் பயணிகளோடு சேர்த்து வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என் மூளைக்கு எட்டவில்லை.

அக்கா நாற்காலிக்குத் திரும்பி வந்தார். ஆ செங் பென்சிலை எடுத்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

"அக்கா, அந்தத் தேதியை நான் கண்டுபிடிச்சிட்டேன்."

அக்காவின் கை சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தது. "சொல்லாதே."

"சரியான தேதிதான், அக்கா. பேப்பர்லயே..."

"சரியாத்தான் இருக்கும். நீ கண்டுபிடிச்சதாச்சே. அதனாலதான் சொல்லாதேங்குறேன்." பிடி தளரவில்லை. "சேதி எனக்கு வந்தது எத்தனையோ நாள் கழிச்சு. நடுவுல நான் சும்மாவா இருந்தேன்? ஃபேக்டரிப் புள்ளைங்களோட படத்துக்குப் போனேன். புதுச் சட்டைக்கு அளவு குடுத்தேன். விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். அவரு ஆத்துல போன நேரம் நான் எதுல இருந்தேன்னு எனக்குத் தெரியாது. நீ கிழமையைச் சொல்லிட்டேன்னா நான் தேடுவேன் தம்பி. செவ்வாய்க்கிழமையா இருந்தா செவ்வாய்க்கிழமை என்னா செஞ்சேன்னு தேடுவேன். கண்டுபிடிச்சிருவேன். எனக்குக் கண்ணு கூர்மை. வேணாம்."

ரம்பம் நின்றது. கல்லிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப என்னக்கா போடுறது?"

"முதல் நோன்பு நாள்னு போடச் சொல்லு."

எழுதிக் காட்டினேன். ஆ செங் என்ன எழுத்து இது என்று கேட்டார். "புவாசா பெர்த்தாமா" என்றேன். அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். மேலே சிலுவை. செபஸ்தியான் என்கிற பெயர். கீழே முதல் நோன்பு.

"இனி கிறிஸ்தியான், கான்?" இவர் கிறிஸ்தவர்தானே என்று கேட்கிறார்.

"கிறிஸ்தியான் லா" என்றார் அக்கா.

ஆ செங் ஒரு நிமிடம் யோசித்தார். "ஓகே லா" என்றார். பினாங்கில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"வருஷத்தையாவது போடலாமே, அக்கா" என்று கெஞ்சினேன்.

"போட்டுக்க. உன் சந்தோஷத்துக்கு."

ஒரு கிளாஸ் தண்ணீர்

கல்லறைத் திருநாளுக்குள் புதுக் கல்லை நட்டுவிட்டார்கள். மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று அக்கா மெழுகுவர்த்தி ஏற்றினார். செபஸ்தியான் அண்ணன் பெயருக்கு நேரே மெழுகுவர்த்தி வைக்கவில்லை. ஒரு போத்தல் தண்ணீர் வைத்தார். நாலடி நடந்தவர், திரும்பி வந்து மூடியைத் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

இந்த ஆண்டு எங்கள் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனும் முதல் நோன்பும் அடுத்தடுத்த நாள் வந்தன. அபாங் டின்னை அவர் மகள் காரில் கொண்டுவந்து விட்டார். அவருக்கும் இப்போது முழங்கால் சரியில்லை. நோன்பு திறக்க நேரம் இருந்ததால், அக்கா அவரைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். ரெஜினாவும் நானும் கூடப் போனோம்.

அபாங் டின்னுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "எங்க இருக்கான்?" என்று கேட்டார். அக்கா அவர் விரலைப் பிடித்துப் பெயரின் மேல் வைத்து நகர்த்தினார். செ. ப. ஸ். தி. அப்புறம் கடைசி வரிக்கு இறக்கினார்.

"இது என்ன?"

"மொதல் நோன்பு."

"இன்னிக்கா?"

"எல்லா வருஷமும், அபாங்."

அவர் விரலை எடுக்கவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்சானா மரம் மஞ்சள் பூவைக் கல்லின் மேல் கொட்டியிருந்தது. ரெஜினா குனிந்து துடைத்தாள். "மடையன்" என்றார் அபாங் டின், தோட்டத்துத் தமிழில், மிக மெல்லிய குரலில். "குடிச்சிட்டு வரேன்னு சொன்னான்."

"குடிச்சிருப்பாரு" என்றார் அக்கா.

ஜெலுத்தோங்கில் அக்காவின் அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் திரும்பியபோது கீழே பசாரில் நோன்புப் பலகாரக் கடைகளின் புகை மாடி வரை ஏறிக்கொண்டிருந்தது. மேசையில் பேரீச்சம்பழம், நாசி லெமாக், ரெஜினா பொரித்த வடை. பாங்கு சத்தம் வந்தது. அக்கா எழுந்துபோய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அபாங் டின் வாங்கிக்கொண்டார். வழக்கம்போல ஜன்னல் பக்கம் போவார் என்று நான் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. பிஸ்மில்லா சொன்னார். திரும்பிக்கொள்ளாமல், எங்கள் முன்னாலேயே, அக்காவின் முகத்தைப் பார்த்தபடி, கிளாஸ் காலியாகும் வரை குடித்தார். தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது.

சிம்பாங் அம்பாட் வாசகருக்கு ஒரு வார்த்தை. அந்த நாளின் ஆங்கிலத் தேதி, மாதம், கிழமை எல்லாம் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. நீங்களும் தேட வேண்டாம், ஐயா. தேடிக் கண்டுபிடித்தாலும் எழுதிப் போட்டுவிட வேண்டாம். அக்கா இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறார்.

அபாங் டின் கிளாஸை மேசையில் வைத்தார். அக்கா அதை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னொரு கிளாஸ், அபாங்?"

"குடு" என்றார்.